கொக்கி தைக்காத சட்டை

அளவு நாடாவை ஆளின் முதுகில் வைத்ததுமே சுபோதினி வயதைக் கேட்பாள். முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று பதில் வந்தால் நாடாவைச் சுருட்டிக்கொள்வாள். "கிளினிக் போனனீங்களோ? இல்லையெண்டால் சட்டை தைப்பன், கொக்கி தைக்கமாட்டன். அட்டையைக் கொண்டந்து காட்டிப்போட்டு எடுங்கோ."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, சுவர் நிறைய ஆணிகள். அதுதான் அவளுடைய கடை. கொக்கியில்லாத சேலைச் சட்டைகள் ஆணிகளில் தொங்கும். கல்யாண நாள் நெருங்க நெருங்கப் பெண்கள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். பிறகு கிளினிக்குக்குப் போய்விட்டு வருவார்கள்.

நான் இந்தப் பகுதியின் மிட்வைஃப். முப்பத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் பெண்களுக்குச் செய்யும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஆள் சேர்ப்பது என் உத்தியோகம். பதினெட்டு வருடமாகப் பேனர் கட்டி, படம் காட்டி, மாடிமாடியாக ஏறியிருக்கிறேன். "வெக்கமாக் கிடக்கு மிஸ், அடுத்த மாசம் பாப்பம்" என்று கதவைச் சாத்துவார்கள். போன மாதம் என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். இவள் அனுப்பியவர்கள் பதினொரு பேர். எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா? இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து சேலைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தவள்!

கிளினிக் டாக்டர் வேறு என்னிடமே கேட்கிறார், "ஆர் அந்தச் சுபோதினி? கெட்டிக்காரி." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளிடம் பெரிய பேச்சொன்றும் கிடையாது. குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, "அஞ்சு நிமிசம் அக்கா, நானும் போனனான்தானே" என்பாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகளின் கல்யாணம். சட்டையை எடுக்க நேற்றுப் போனேன். பழைய அளவு என்பதால் தைக்கக் கொடுத்தபோது வயதுப் பேச்சு வரவில்லை. சட்டையை மடித்து உறையில் போட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்காவுக்கும் இந்த வருசம் நாப்பத்தஞ்செல்லோ? அட்டை எங்கை?"

"என்னட்டையோ கேக்கிறாய்? ஊருக்கே அட்டை எழுதுறவள் நான்!"

"ஓம். நான் உங்கட அட்டையைக் கேட்டனான்."

முப்பத்தைந்திலும் நான் போகவில்லை. கிளினிக்கில் நிற்பவர்கள் எல்லாரும் தினமும் என்னோடு தேநீர் குடிப்பவர்கள். அவர்கள் முன்னால் எப்படிப் போய்ப் படுப்பது? வெட்கம்தான், வேறென்ன.

சுபோதினி சட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்து, தைத்திருந்த கொக்கிகளைப் பிரித்துவிட்டு ஆணியில் மாட்டினாள். ஐந்து கொக்கிகளையும் ஒரு துண்டுத் தாளில் மடித்து, பல்லில் இருந்த குண்டூசியை எடுத்து, சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் குத்தி வைத்தாள்.