ஓரடி மேடை

பந்தல் சாமான் வாடகைக்கு விடும் என் கடையில், மேசைக் கண்ணாடிக்கு அடியில் கட்டம் போட்ட நோட்டுத் தாள் ஒன்று கிடக்கிறது. பென்சிலால் வரைந்த ஒரு சாய்வு. உயரம் ஓர் அடி, நீளம் பன்னிரண்டு அடி என்று குறித்திருக்கும். வரைந்தவர் நல்லம்பள்ளிப் பக்கத்துப் பள்ளியொன்றின் கணக்கு டீச்சர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வரும், முதலில் என்மேல்தான்.

சிறுவயதில் வந்த போலியோவால் டீச்சர் சக்கர நாற்காலியிலேயே இருந்தவர். பணி ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். ஒரு வாரம் முன்பே ஆட்டோ பிடித்து என் கடைக்கு வந்துவிட்டார். வாசலில் படி இருந்ததால் ரோட்டோரத்திலேயே நாற்காலியை நிறுத்தி, மடியில் நோட்டை வைத்து இதை வரைந்தார்.

"மேடைய ஒரு அடிக்குப் போட்டா போதுங்க. பன்னெண்டு அடிக்குச் சாய்வு வெச்சா நானே தள்ளிக்கிட்டு ஏறிக்குவேன். ஆண்டு விழாவுல எல்லாம் கீழ ஒக்காந்துதான் பரிசுப் பட்டியல் படிச்சேன். இந்த ஒரு தடவை மேல போய்ப் பேசணும்."

எங்கள் பக்கம் மேடையின் உயரம்தான் விருந்தினருக்குக் காட்டும் மரியாதை. தாளைக் காட்டியதும் விழாக் குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "ஒரு அடியா? சிறப்பு விருந்தினர் பந்தியில ஒக்காந்த மாதிரி இருக்கும். நாலு அடி போடுங்க. டீச்சருக்கு ஒரு பலகைய சாத்திடுங்க." நானும் தலையாட்டினேன். சவுண்டு பாக்ஸ் ஏற்றும் எட்டடிப் பலகையைச் சாத்தி, அதன்மேல் சிவப்புக் கம்பளம் வேறு விரித்தேன். அதில் யாராலும் தள்ளிக்கொண்டு ஏற முடியாது என்று எனக்குத் தெரியும்.

விழாவன்று டீச்சர் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் இரண்டு சாண் ஏறியது, வழுக்கித் திரும்பியது. அடுத்த நொடி நாலு பேர் கேட்காமல் கொள்ளாமல் நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். "தூக்காதீங்க, எறக்குங்க" என்றார். மைக்கின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லையா, கேட்டும் விட்டுவிட்டார்களா தெரியாது. நாற்காலி சாய்ந்து புடவை முழங்காலுக்கு ஏறியது. ஒரு கையால் புடவையையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்துக்கொண்டார். மேலே வைத்த பிறகு போட்டோக்காரர் சொன்னார்: "சார், போட்டோ சரியா விழல. கீழ எறக்கிட்டு இன்னொரு தடவ தூக்குங்க." இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள், இந்த முறை சிரித்துக்கொண்டே. கூட்டம் கை தட்டியது. மனிதரைப் பொருளாக்கி அதையும் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கூட்டம், சீ!

டீச்சர் பேசவில்லை. மைக்கை நீட்டியபோது கைகூப்பிவிட்டார். இறக்கிக்கொண்டு வரும்போது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "உங்களுக்கு அளவு தெரியுமில்லைங்களா?"

போன மாதம் அதே தலைவர் கடைக்கு வந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு விழாவாம், நாலடி மேடை வேண்டுமாம். தாளை எடுத்து நீட்டினேன். டீச்சர் வரைந்தது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நாம தூக்குனோமே, அவங்களா! அந்தப் போட்டோவத்தான் நோட்டீஸ்ல போடறோம்" என்று போனைக் காட்டினார். நாலு சிரித்த முகங்களுக்கு நடுவே டீச்சர் புடவையைப் பற்றியிருந்தார். ஓரத்தில் பலகை அருகே நின்று கை தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

"ஓரடிதான் போடுவேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். தாளை மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைக்கும்போதுதான் வாசலைப் பார்த்தேன். டீச்சரை ரோட்டில் நிறுத்திய அந்தப் படி இன்னும் அப்படியே இருக்கிறது.