சின்ன அலகில் இருந்த நீலம்

இருபத்தாறு மடக்குக் கத்திகளைப் புதுசு போல வைத்திருக்கிற மனிதர், சட்டைப்பையில் மட்டும் ஏன் கறை பிடித்த ஒன்றைச் சுமந்து திரிகிறார்? அத்தைதான் ஒரு நாள் அவர் மகளிடம் இதைக் கேட்டாள்.

அப்பா முப்பது வருடமாகச் சோபா தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். விடுமுறை நாட்களில் பழைய சாமான் கடைகளைக் குடைந்து சேர்த்த கத்திகள் தகரப் பெட்டியில் துணி சுற்றிக் கிடந்தன. இரண்டு அலகு, மூன்று அலகு, ஒன்றில் நான்கு. பட்டறையில் அவருக்குப் பெயரே ‘மடக்கு’. பையில் இருந்ததற்கு மூன்று அலகு. பெரியதில் தோல் அறுப்பார், நடுவிலிருப்பதில் நூல் வெட்டுவார். சின்ன அலகுதான் கருநீலமாய்க் கறுத்துக் கிடந்தது.

அம்மா போய்ச் சேர்ந்து நாலு மாதம். அப்பா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். “உப்பு போதுமாப்பா?” என்றால் தலையசைப்பு. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று மகள் ஏங்கிப்போனாள்.

ஒரு நாள் காய்ச்சலில் அவர் பகலிலேயே அயர்ந்துவிட்டார். துவைக்க எடுத்த சட்டையில் கத்தி தட்டுப்பட்டது. அப்பா சந்தோஷப்படுவார் என்று பாத்திரம் தேய்க்கிற நாரும் பொடியும் போட்டுத் தேய்த்தாள். கறை லேசில் போகவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அலகில் அவள் முகமே தெரிந்தது.

அப்பா எழுந்ததும் அவர் கையில் கொடுத்தாள். அவர் சின்ன அலகை நகத்தால் நெம்பித் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா பளபளன்னு இருக்கும்மா.”

நாலு மாதத்தில் முதல் முழு வாக்கியம். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள்.

ஆனால் காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனவர் கத்தியை வீட்டிலேயே விட்டுப் போனார். மறுநாளும் அப்படித்தான். மறந்துவிட்டார் போல என்று அவளே பட்டறைக்கு எடுத்துப் போனாள். அப்பா உள்ளே இருந்தார். அவரோடு வேலை பார்க்கும் தையல்காரர் ஒருவர் வாசலில் அதை வாங்கித் திறந்தார்.

“ஐயோ பாப்பா, என்ன காரியம் பண்ணிட்டே!”

“கறையா இருந்துச்சு மாமா.”

“கறையா? இது பழைய இரும்பும்மா, பழச்சாறு பட்டா நீலம் பாயும். எண்ணெய் தொட்டுத் துடைப்பாங்களே தவிர தேய்க்கவே மாட்டாங்க. இந்தச் சின்னதை உங்கப்பன் தொட்டதே இல்ல. மத்தியானம் சோறு கொண்டுவர்ற உங்கம்மா இதுலதான் ஆப்பிள் நறுக்கும். ‘பாதியை நீயே முழுங்குறியே’ம்பான் இவன். ‘நறுக்குன கூலி’ன்னு அது சிரிக்கும். பதினெட்டு வருஷத்து நீலம்மா.”

கத்தியை அவள் வீட்டுக்கே திருப்பி எடுத்து வந்தாள். தினமும் ஆப்பிள் வாங்கி அந்த அலகிலேயே நறுக்கினாள். மூன்றாவது வாரம் முனையில் மெல்லிய நீலம் படர்ந்தது. அதை அப்பாவிடம் நீட்டினாள்.

“திரும்ப வருதுப்பா.”

அவர் அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். துடைத்து, மடக்கி, அவள் உள்ளங்கையிலேயே வைத்தார்.

“இது நீ நறுக்கி வந்த நீலம்மா. நீயே வச்சுக்கோ.”

“திட்டவாவது திட்டுங்கப்பா.”

“உன்னை எதுக்குடா திட்டப் போறேன்?” என்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா செத்த அன்றுகூட அழாத மனிதர். தோள் குலுங்கியது.

துக்கம் நடந்த வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்புகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் கையில் நாரை எடுப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.