பதாகையில் நான் சிரிக்கவில்லை

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு பெரிய சாலையைத் தொடும் முனையில், பன்னிரண்டடி உயரத்தில், என் முகம் பதினொரு நாள் தொங்கியது. நான் தேர்தலில் நின்றவனல்லன், காலமானவனுமல்லன். இவ்விரண்டும் அல்லாத ஒருவன் நம் ஊரில் பதாகை ஏறுவது அரிது. ஆதலால் முதல் நாள் காலையில் அதைக் கண்ட பால்காரர் என் வீட்டு வாசலில் தயங்கி நின்று, நானே கதவைத் திறந்ததும் பெருமூச்சு விட்டார்.

நிகழ்ந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற நாள்முதல், வியாழக்கிழமை மாலைகளில் அம்முனையிலுள்ள பரோட்டாக் கடையில் உண்பது என் வழக்கம். கடையை நடத்துபவரை எல்லாரும் மாஸ்டர் என்றே அழைப்பர். தனித்தமிழில் பற்றுள்ள நானும் இவ்வொரு சொல்லில் தோற்று அவ்வாறே அழைக்கிறேன். மாவு பிசைவது, வீசுவது, கல்லில் இடுவது, யார் எவ்வளவு உண்ணத் தக்கவர் என்று தீர்மானிப்பது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. கல்லாவில் அவர் மனைவி. அக்கடையில் என்னை எவரும் எதுவும் கேட்டதில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு பரோட்டா கல்லில் விழும். வெந்தவற்றை இரு கைகளுக்கும் நடுவே வைத்து அடித்து, இழையிழையாகப் பிரித்து, இலையில் இட்டு, என் இசைவைப் பெறாமலேயே சால்னாவை ஊற்றுவார். என் வலப்புறக் கடைவாய்ப் பற்கள் இரண்டு இல்லை என்பதை அறிந்தோர் மூவர்: நான், பல் மருத்துவர், மாஸ்டர். அவித்த முட்டையை வெங்காய மசாலாவில் கொத்திப் புரட்டிய முட்டை மாஸ் மாதத்தில் ஒருநாள் இலையில் வந்து சேரும். சென்ற வாரம் ஏன் வரவில்லை என்று நான் கேட்பதில்லை. மழையை யாரேனும் அவ்வாறு கேட்கிறார்களா?

அந்த வியாழனன்று கடை பூட்டியிருந்தது. பொன்னமராவதியில் உறவினர் வீட்டுக் காதுகுத்து, இரண்டு நாள் விடுமுறை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பசியுடன் நின்ற என் கண்ணில், சாலைக்கு அப்பால் நூறடி தள்ளிப் புதிதாய்த் திறந்திருந்த கண்ணாடி உணவகம் பட்டது. பல ஊர்களில் கிளைகளுடைய நிறுவனம். மெக்சிகோ நாட்டுப் பர்ரிட்டோ அங்கே கிடைக்கும் என்று பலகை சொன்னது. சோற்றையும் பயற்றையும் கறியையும் சப்பாத்தி போன்ற ஒன்றில் வைத்துச் சுருட்டுவது அது என்பதைப் பலகையிலிருந்த படத்தால் அறிந்தேன்.

உள்ளே மார்கழி மாதம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையுறையும் தலையில் வலையும் அணிந்த பெண் ஒருவர் நின்றார்.

"வெல்கம் சார். ரைஸ் வெள்ளையா, லெமனா?"

"வெள்ளை."

"பீன்ஸ் பிளாக்கா, ரெட்டா?"

தொடர்ந்து பனீரா கோழியா, காரம் எந்த அளவு, சீஸ் கூடுதலாகவா, வெங்காயம் பச்சையாகவா வதக்கியா, சூடு செய்யவா வேண்டாமா, இங்கேயா பார்சலா என்று வினாக்கள் பெருகின. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்விலும் என்னை இத்தனை கேட்கவில்லை. கேட்டவர்களும் இத்தனை கனிவாகக் கேட்கவில்லை. ஐந்தாம் வினாவோடு செவிமடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையசைப்பதை மட்டும் தொடர்ந்தேன். கடைசி இரண்டு வினாக்களைக் கேட்டவர் அப்பெண்ணல்லர், மேலாளர் என்பதும், அவை உணவைப் பற்றியனவே அல்ல என்பதும், அகன்ற விளிம்புடைய வைக்கோல் தொப்பி ஒன்று என் தலையில் வந்து அமர்ந்த பின்னரே விளங்கின. திறப்பு விழா வாரத்தில் வந்த முதல் முதியவன் நான். என்னைப் படமெடுக்கவும் அதைப் பயன்படுத்தவும் தலையசைத்து ஒப்புதல் தந்திருக்கிறேன்.

பிறந்த குழந்தையைத் துணியில் பொதிந்து தருவதுபோல் வெள்ளித்தாளில் பொதிந்த ஒன்றை என் இரு கைகளிலும் வைத்தார்கள். நல்ல எடை. தலை எது, கால் எது என்று திருப்பிப் பார்த்தேன்.

"இலை?" என்றேன்.

"இலையெல்லாம் இல்ல சார். பேப்பரப் பிரிச்சு அப்பிடியே கடிக்கணும்."

"சால்னா?"

அவர் சிவப்புச் சாறு அடைத்த சிறு உறைகள் மூன்றைத் தந்தார். முந்திய வாரம் வரை ஒரு பெரும்பாத்திரத்தின் அருகில் அமர்ந்து உண்டவனுக்கு அவ்வுறைகள் மாத்திரைகளாகத் தோன்றின. வேறு வழியின்றி, இறைவன் எனக்கு அளித்த வாயை அதன் எல்லை வரைக்கும் திறந்தேன். அந்நேரம் பார்த்து ஒளி மின்னியது.

சனிக்கிழமை விடியற்காலையில் பதாகை ஏறியது. அவர்கள் வாசலில் ஒன்று; பரோட்டாக் கடைக்கு நேரெதிரே, மாஸ்டர் கல்லின் முன் நின்றால் வேறெதையும் பார்க்க இயலாதவாறு, மற்றொன்று. தொப்பிக்குக் கீழே திருநீறு, திருநீற்றுக்குக் கீழே கண், கண்ணுக்குக் கீழே முழுவதும் வாய். அருகில் பெரிய எழுத்துகளில், "தாத்தாவே சொல்லிட்டாரு!" நான் எதையும் சொல்லவில்லை. படத்தைப் பார்க்கும் எவருக்கும் அவ்வாயால் பேச முடியாது என்பது விளங்கும். ஆயினும் தெருவில் எதிர்ப்பட்டோரெல்லாம், "என்னதாங்க சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.

அடுத்த வியாழன் வழக்கம்போல் பரோட்டாக் கடைக்குச் சென்றேன். தெருமுனையில் திரும்பினேன். கல்லில் ஒன்றும் விழவில்லை. அமர்ந்தேன். மாஸ்டர் தோளிலிருந்த துண்டால் மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க சார். என்ன சாப்பிடுறீங்க?"

பதினாறு ஆண்டுகளில் அவர் என்னைச் சார் என்று விளித்தது அதுவே முதன்முறை. அதுவரை நான் ஐயா.

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்குறீங்க?"

"கேட்டாத்தான சார் நல்ல கடை? பரோட்டா வேணுமா, இல்ல வேற எதுவும் சுத்தித் தரவா?"

கல்லாவிலிருந்து அவர் மனைவி சேர்ந்துகொண்டார். "ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஐயா மெக்சிகோ போயிட்டுத் திரும்பிட்டாக. நம்ம இன்னும் பொன்னமராவதியத் தாண்டல."

இரண்டு பரோட்டா வந்தன. அடிக்கப்படாமல், பிரிக்கப்படாமல், அரைவட்டமாய் மடித்து, ஓட்டுவில்லைகளைப் போல. சால்னா தனிக் கிண்ணத்தில், அதுவும் மூடியோடு. இடப்புறப் பற்களால் மட்டுமே முக்கால் மணிநேரம் போராடினேன். அந்தப் பரோட்டாவைவிட அந்தச் சார் கடினமாக இருந்தது. உறவினர் வெளியூரில் இருக்க, தனித்து வாழும் எனக்கு, வாரத்தில் ஒருநாள் கேளாமலே இன்னதென்று அறிந்து இலை போடும் ஓரிடம் அதுதான். அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் அன்றிரவு சரியாக உறங்கவில்லை.

மறுநாள் காலை கண்ணாடி உணவகத்துக்குச் சென்று, பதாகையை இறக்கித் தருமாறு மேலாளரிடம் வேண்டினேன். மிகப் பணிவான மனிதர்.

"கண்டிப்பா சார். ஆனா நாங்களா எறக்க முடியாது சார். கோயம்புத்தூர்ல ஹெட் ஆபீஸ்லதான் முடிவு பண்ணுவாங்க. இங்க ஒரு பல்பு மாத்தணும்னாலும் மெயில் போட்டுத்தான் மாத்துறோம்."

தலைக்கு மேல் பார்த்தேன். உண்மையிலேயே ஒரு விளக்கு எரியவில்லை. என் வேண்டுகோளையும் மின்னஞ்சலில் அனுப்பி ஓர் எண் தந்தார். விடை வந்ததா என்று இன்றுவரை அறியேன். பதினொன்றாம் நாள் எனக்குப் பதிலாக, ஐஸ்கிரீம் எனப்படும் குளிர்க்களியின் படம் ஏறியது. ஆனால் அது பிந்திய செய்தி.

அன்று மாலையே மாஸ்டரிடம் சென்று, வெள்ளிக்கிழமையாயிருந்தும் சென்று, நிலைமையை விளக்கினேன். பசி, பூட்டு, தலையசைப்பு, மின்னஞ்சல் அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன். மாவை உருட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"அங்க சாப்பிட்டதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லய்யா. நான் கூட மதுரைக்குப் போனா வேற கடையில திம்பேன். ஆனா அந்தச் சிரிப்பு?"

"எந்தச் சிரிப்பு?"

"அந்தா தொங்குதே." பதாகையைக் கரண்டியால் சுட்டினார். "பதினாறு வருசமா எங்கையால சாப்பிடுறீங்க. ஒரு நா, ஒரே ஒரு நா, இப்பிடி வாயெல்லாம் பல்லாச் சிரிச்சுருப்பீங்களா? எழவு வீட்டுல காப்பி குடிக்கிற மாதிரியே உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சுப் போவீங்க. சரி, படிச்சவுக, இப்பிடித்தான் போலன்னு நானும் இருந்தேன். இப்பத்தான தெரியுது, ஐயாவுக்குச் சிரிக்கத் தெரியும், நம்ம பரோட்டாவுக்குத்தான் வரலன்னு."

 பதாகையை அவர் கண்ணால் பார்த்தேன். ஆம், அது சிரிப்பாகத்தான் தெரிந்தது. அறுவடை முடிந்த உழவனைப் போல் மகிழ்ந்திருந்தேன்.

"மாஸ்டர், அது சிரிப்பில்லை. அந்தப் பண்டத்தின் பருமன் அது. அதைக் கடிக்க வேண்டுமென்றால் வாய் அந்த வடிவத்துக்குத்தான் வரும். துக்கத்தில் இருப்பவன் கடித்தாலும் அப்படித்தான் தெரியும்."

"சும்மா சொல்லாதீங்கய்யா."

"நீங்களே வந்து கடித்துப் பாருங்கள்."

"நானா? அங்கிட்டா? என் அடுப்பு அணைஞ்சாலும் அங்க மிதிக்க மாட்டேன்."

அவர் மனைவிதான் வழக்கை முன்னகர்த்தினார். "போயிட்டுத்தான் வாங்களேன். ஆறு நாளா நீங்க, நேத்துலருந்து ஐயா, மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு. வாயி சிரிக்குதா பொளக்குதான்னு பாத்துட்டு வந்தா முடிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கடை திறக்கும் முன், இருவரும் சென்றோம். மாஸ்டர் சலவைச் சட்டை அணிந்திருந்தார். கண்ணாடிக் கதவின் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். அவரைப் பார்த்து நானும் கழற்றினேன். கையுறைப் பெண் வெள்ளையா லெமனா என்று தொடங்கும் முன் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"மாவு எப்பம்மா பெசஞ்சது?"

"மாவு பெசையிறது இல்லங்க. சுட்டே வந்துரும், பாக்கெட்ல."

"சோறு?"

"அது இங்கதாங்க. மசாலா பாக்கெட்ல வரும்."

"அப்ப நீங்க என்னதாம்மா செய்றீங்க?"

"நாங்க சுத்துவோங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாரச் சினத்தில் பாதி கரைந்துவிட்டது. ஆனால் அப்பெண் சுற்றத் தொடங்கியதும் அவர் தடுப்பின் மேல் குனிந்து பார்த்தார். கொள்ளளவுக்கு மேல் குவித்ததை அப்பெண், இரு பக்கமும் உள்ளே ஒடுக்கி, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தி, ஒரே உருட்டில் மூடினார். ஒரு பயறுகூடச் சிந்தவில்லை, ஓரம் கிழியவில்லை.

"கை நல்லா பேசுதே. எந்த ஊரும்மா?"

"ஆலங்குடிங்க."

"அதான பாத்தேன். முட்டப் பரோட்டா மடிச்சிருக்கியா?"

"இல்லங்க. தின்னுதான் இருக்கேன்."

"இன்னொருக்கா மடி, பாப்போம்" என்று அவர் கேட்க, அப்பெண் ஒரு வெற்றுத்தாளை எடுத்து மடித்துக் காட்ட, எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

ஒருவாறு மேசைக்கு வந்தோம். மாஸ்டர் வெள்ளித்தாளைப் பிரித்தார். இடமிருந்து அணுகினார், இயலவில்லை. வலமிருந்து அணுகினார். மெல்ல அமுக்கிப் பார்த்தார், மறுமுனை பிதுங்கியது. இறுதியில், கண்களை இடுக்கி, கன்னங்களை மேலேற்றி, முப்பத்திரண்டு பற்களும் வெளிப்பட வாயைத் திறந்தார்.

"அப்படியே இருங்கள் மாஸ்டர்! கடிக்காதீர்கள்!" என்று கூவியபடி அவர் தோளைப் பிடித்துக் கண்ணாடிக் கதவருகே இழுத்துச் சென்றேன். கதவில் அவர் முகம் தெரிந்தது; கதவுக்கு அப்பால் வாசல் பதாகையின் முகம். இருவரும் ஒரே திருமணத்தில் பெண் வீட்டாரைப் போல் பூரித்திருந்தோம். சாலையில் சென்ற நகரப் பேருந்தின் சன்னலோரத்தார் அனைவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தனர்.

மாஸ்டர் அதே நிலையில் நெடுநேரம் நின்றார். பின் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

"ஆமாய்யா," என்றார். "சிரிப்பு இல்ல. தாடை வலி."

"சுவை?"

"குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா யாரு கை வேலைன்னே தெரியல. அந்தப் புள்ள சுத்துனது மட்டுந்தான் நல்லாத் தெரியுது."

மாலையில் கடையில் அமர்ந்தேன். நடந்ததை அறிந்துகொள்ளத் தம் மனைவி கேட்டதற்கு, ஒரு முழுப் பரோட்டாவைச் சுருட்டி வாய்க்கு நேரே பிடித்து மாஸ்டர் நடித்தே காட்டிவிட்டார். அடித்துப் பிரித்த பரோட்டா இலையில் விழுந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு ஆண்டுக் குறையை அன்றே நீக்கிவிட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. முதல் கவளத்தை வாயிலிட்டுக்கொண்டு, கன்னத்தின் இரு தசைகளையும் உயர்த்தி, எஞ்சியுள்ள பற்கள் யாவும் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார்.

"ஐயா, வேணாய்யா. பயமா இருக்கு."

"சால்னாவுல என்னமோ கெடக்குன்னு நெனச்சு நாலு பேரு எந்திரிச்சுப் போயிருவாக," என்றார் கல்லாவிலிருந்தவர். "நீங்க உம்முன்னே சாப்பிடுங்க. அதான் அழகு."

உம்மென்று உண்டேன். மிகவும் நன்றாயிருந்தது.