கையெழுத்து வைக்காத சேவியரும் வாய் திறக்காத நானும்

மூன்று கிழமைக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு றீற்றா ஒரு தாளை நாலாக மடித்துக் கைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். ஏதோ களவெடுத்த சாமான் மாதிரி!

விரித்துப் பார்த்தேன். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிற எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதப் படிவம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி. றீற்றாவின் மகள் ஜெனிற்றாவுக்குப் பதினொரு வயது. வியாழக்கிழமை ஊசி. படிவத்தின் அடியில் தகப்பன் சேவியர் பேனையால் அழுத்தி எழுதியிருந்தார் — 'விருப்பமில்லை.'

"நீங்கள் ஒருக்கா அவரோட கதையுங்கோ அக்கா. நான் சொன்னால் கேக்கமாட்டார்."

ஏன் விருப்பமில்லையாம்? வேறென்ன... வாட்ஸ்அப்! பாரிஸில் இருக்கிற மச்சான் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். இந்த ஊசி போட்டால் பிள்ளை பெற ஏலாதாம். எந்த டொக்டர் சொன்னது? எங்கே சொன்னது? ஒன்றும் இல்லை. பின்னணியில் சோகமாக ஒரு வயலின் மட்டும் இருந்தது.

சேவியருக்குக் கடற்றொழில். நான் போனபோது வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் சேவியர் நீர் சம்மதம் குடுக்கேல்லை?"

"வேண்டாம் அக்கா. நாளைக்கு அவளுக்குப் பிள்ளை இல்லாமல் போனால் ஆர் பதில் சொல்லுறது?"

"போன வருசம் நாய் கடிச்ச நேரம் ஓடிப்போய் ஊசி போட்டனீர்தானே. அப்ப ஒண்டும் கேக்கேல்லையே?"

"அது நாய் அக்கா."

"திருக்கை முள்ளு குத்தினதுக்கு ஏற்பூசி போட்டது?"

"அது முள்ளு."

இது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒழுக்கம் கெட்ட ஆக்களுக்குத்தான் அந்தப் புற்றுநோய் வருத்தம் வாறதாம். எங்கட குடும்பத்தில ஆருக்கு வந்தது, சொல்லுங்கோ பாப்பம்?"

யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

சேவியரின் மூத்த அக்கா பிலோமினா என்னுடைய சிநேகிதி. ஆறு வருடங்களுக்கு முன் செத்துப்போனாள். நாற்பத்து மூன்று வயது. 'வயிற்றில் கட்டி' என்று ஊருக்குச் சொன்னார்கள். கட்டி இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். மாதக்கணக்காக இரத்தம் பட்டும் ஒருவருக்கும் சொல்லாமல், கடைசியில் நடக்க ஏலாமல் போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். வாராவாரம் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். பஸ்ஸிலும் ஒரே மன்றாட்டம் — "தம்பிக்குச் சொல்லிப்போடாதேயும். கேவலம்." அவளுடைய தாய்க்குத் தெரியும். அவவும் இப்போது இல்லை. மிச்சம் நான் ஒருத்திதான்.

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேனே! பதிலாக எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிட்டேன். ஊரில் அவரை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அடுத்த நாளே வந்து படலையடியில் நின்று பொறுமையாக விளங்கப்படுத்தினா.

"ஒழுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அண்ணை. இது கலியாணம் கட்டி ஒழுங்காய் இருக்கிற ஆருக்கும் தொத்தக்கூடிய கிருமி. அது தொத்த முதலே, சின்ன வயசில போட்டால்தான் ஊசி நல்லாய் வேலை செய்யும். பிள்ளை பெறுறதுக்கு ஒரு தடையும் இல்லை."

சேவியர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கையெழுத்து? வைக்கவில்லை. நேரில் வந்து சொன்ன மிஸ்ஸியைவிடப் பாரிஸ் வயலினுக்குத்தான் மரியாதை!

வியாழக்கிழமை பின்னேரம் ஜெனிற்றா பள்ளிக்கூட உடுப்போடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அன்ரி, எல்லாருக்கும் ஊசி போட்டது. என்னை மட்டும் வகுப்பிலயே இருக்கச் சொல்லிப்போட்டினம். எனக்கு ஏதும் வருத்தமோ?"

பிலோமினாவின் அதே கண்கள். எனக்கு வந்த கோபம் சேவியர் மேலா, மச்சான் மேலா, செத்துப்போன சிநேகிதி மேலா என்று தெரியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"சேவியர், பிலோமினாவுக்கு வந்தது வயித்துக் கட்டி இல்லை. இந்த ஊசி தடுக்கிற அதே புற்றுநோய்தான்."

"பொய் சொல்லாதேங்கோ."

"வாராவாரம் கூட்டிக்கொண்டு போனது நான். இப்ப சொல்லும்... உம்மட அக்கா ஒழுக்கம் கெட்டவவோ?"

அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். குசினி வாசலில் நின்ற றீற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். சேவியர் கதிரையில் இருந்தபடியே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஆறு வருசமாய் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

எழுந்து வெளியே போய்விட்டார்.

மச்சானின் வாட்ஸ்அப்பைக் கண்டபடி திட்டினேனே — அவர் ஒரு பொய்யை அனுப்பினார். நான் ஒரு பொய்யை ஆறு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பிலோமினா எதனால் செத்தாள் என்று அந்த வீட்டில் தெரிந்திருந்தால், அந்தக் குரல் பதிவை யார் கேட்டிருப்பார்கள்? வாக்குக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் மறைக்கிற வருத்தங்கள் எத்தனை வீட்டில் இப்படிக் கிடக்கின்றனவோ!

(இங்கே பெயர்கள் எல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது றீற்றாதான். 'எழுதுங்கோ அக்கா, ஆனால் பேரைப் போடாதேங்கோ' என்றாள். பார்த்தீர்களா... இன்னும் பெயர் போட ஏலாது!)

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிஸ்ஸி டெலிபோன் எடுத்தா. சேவியர் கடலுக்குப் போகாமல், மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தானாகவே சுகாதார அலுவலகத்துக்கு வந்தாராம். கையெழுத்து வைத்தாராம். ஊசி போட்டாயிற்று. 'என்ர அக்காவுக்கு இந்த வருத்தம் இருந்தது' என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

என்னோடு இன்னும் கதைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். திருப்பட்டும். ஜெனிற்றாவுக்கு ஊசி போட்டாயிற்று, அதுபோதும்.

மிஸ்ஸி டெலிபோனை வைக்கவில்லை.

"அது சரி அக்கா, நீங்கள் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்து, அந்தப் புற்றுநோய் இருக்கோ எண்டு பாக்கிற பப் பரிசோதனை செய்தனீங்களோ? எங்கட புத்தகத்தில உங்கட பேரைக் காணேல்லை."

நான் "ஹலோ... ஹலோ... மிஸ்ஸி... சிக்னல் இல்லை" என்று சொல்லிக் கட் பண்ணினேன். எங்கள் ஊர் கரம்பொனில் அன்றைக்குச் சிக்னல் மிகவும் நன்றாகத்தான் இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை கிளினிக். இத்தனை பேருக்கு முன்னால் எழுதிவிட்டேன் — இனித் தப்ப ஏலாது!