மோவாயில் முளைத்த நாலு முடி

‘என்ன புடுங்கிக்கிட்டு இருக்க?’ என்று யாராவது திட்டினால் எனக்குக் கோபமே வருவதில்லை. நான் பார்ப்பது அந்த வேலையைத்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை இருக்கிறது. முடியளவே தடிமன் உள்ள ஊசியை முடியின் வேர்வரை இறக்கி, கொஞ்சம் மின்சாரம் கொடுத்து, வேர் வெந்ததும் இடுக்கியால் முடியை எடுப்போம். எலக்ட்ராலிசிஸ் என்று பெயர். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், மோவாயில் ஒரு முடி தட்டுப்பட்டதும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நமக்குள் என்ன ஒளிவுமறைவு, நானும் பார்த்தவள்தான்.

சுத்தம் செய்துகொண்டு வந்தவர்

ஜெபா, மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். முதல் தடவை வந்தபோது முகத்தில் மாஸ்க். போனிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: வருவதற்கு முன்னால் சில நாள் முடியை வளர விடணும், த்ரெட்டிங் பக்கமே போகக் கூடாது, இடுக்கிக்குப் பிடி கிடைக்கணும் என்று. ‘சரிக்கா, சரிக்கா’ என்றுதான் கேட்டுக்கொண்டாள்.

மாஸ்க்கைக் கழற்றினால் மோவாய் மொழுமொழுவென்று இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் த்ரெட்டிங் செய்திருக்கிறாள். எனக்கு வந்த எரிச்சலில், “எதை எடுக்கம்மா வந்திருக்கே?” என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னாள்: “அவ்ளோ முடியோட உங்க முன்னாடி எப்படிக்கா வந்து உக்காருவேன்?”

சீட்டு எங்கே, ஊர் எங்கே

‘ஒரே தடவையில் போய்விடுமா?’ என்று கேட்காத ஆள் கிடையாது. போகாது. இன்றைக்கு வெளியே தெரிவது ஒரு கூட்டம். தோலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருப்பது இன்னொரு கூட்டம். அது எழுந்து வர வர எடுக்க வேண்டும். ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலிக்குமா என்றால், மோவாயில் எறும்பு கடித்தது போல இருக்கும். மேலுதட்டில் மட்டும் கட்டெறும்பு. முடித்ததும் தோல் சிவந்து கொஞ்சம் வீங்கும். பொடிப்பொடியாகப் பொருக்குக் கட்டினால் கிள்ளக் கூடாது. அன்றைக்கு மஞ்சள் பூசவே கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு அம்மா, “அடுத்த வாரம் கல்யாணம், அதுக்குள்ள முடிச்சுடுங்க” என்றார். ஊசி, பஞ்செல்லாம் எடுத்துக் கொடுக்கும் லதாதான் பதில் சொன்னாள்: “பக்கத்துல இருக்கிற குரோம்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டு செங்கல்பட்டுல எறங்கணும்னா எப்படிம்மா?”

வெள்ளை முடி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம் விற்கும் இந்திராணியம்மாவுக்கு மோவாயில் நாலைந்து வெள்ளை முடி. லேசர் செய்யும் இடத்தில், வெள்ளை முடி லேசருக்கு அகப்படாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊசிக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

“இத்தனை வருஷம் நீங்களே பிடுங்கிக்கிட்டீங்களே, இப்ப என்ன அவசரம்?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நாளைக்கி நான் படுத்துக்கினா கஞ்சி ஊத்த மருமவ கீது. இத்த புடுங்க எவ வருவா?”

திங்கட்கிழமை

ஜெபா பிறகு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தாள். முடி வளர்க்கும் நாட்களில் மாஸ்க், எடுத்தபின் சிவப்புக்காக மாஸ்க். ஆக, வகுப்பில் மாஸ்க் கழன்றதே இல்லை. ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் எழுத்தைச் சொல்லும், திங்கட்கிழமையிலிருந்து மாஸ்க் இல்லாமல் நடத்துங்கள், முடியாதென்றால் ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஜெபாவுக்கு அந்த வகுப்புதான் உயிர். என்னிடம் வர வேண்டியது புதன்கிழமை. அப்படியானால் திங்களன்று மோவாய் நிறைய முடி இருக்கும்.

போனில் அழுதாள். “ஷேவ் பண்ணிக்கோ, த்ரெட்டிங்தான் வேரோட பிடுங்கும், இது வேரைத் தொடாது. என்கிட்ட ஒரு வாரம் தள்ளி வா” என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “தள்ளிப்போட்டா அடுத்த வாரமும் திங்கட்கிழமை வரும்லக்கா.”

எல்.கே.ஜி.யின் தீர்ப்பு

அந்தத் திங்கட்கிழமை எனக்கும் வேலை ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று லதா வேறு நச்சரித்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை ஜெபா மாடியேறி வந்தாள். மாஸ்க் இல்லை, ஷேவும் செய்யவில்லை. பஸ்ஸிலும் அப்படியேதான் வந்திருக்கிறாள்.

படுக்கையில் சாய்ந்துகொண்டு அவளே சொன்னாள். பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறாள். ஒரு பெண் குழந்தை எழுந்து வந்து அவள் மோவாயைத் தடவி, “குத்துது” என்றதாம். உடனே மற்றதெல்லாம் எனக்கு எனக்கு என்று வரிசையில் வந்து தடவிப் பார்த்திருக்கின்றன. கூச்சம் தாங்காமல் ஜெபா சிரித்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் அவளைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பல்லைக்கூடப் பார்த்ததில்லை. முதலில் தடவிய குழந்தைக்கு மோவாய் மறந்தே போய்விட்டது. அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டதாம்: “மிஸ், உங்களுக்குச் சிரிக்கத் தெரியுமா?”

நான் மாதக்கணக்கில் ஊசி போட்டும் அசையாத கூச்சத்தை ஒரு வாண்டு ஒரே தடவலில் எடுத்துவிட, முடிக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியை மாட்டினேன்.