ஒரு முள்ளுகூட இல்லாத மீன் குழம்பு

ஆற்றோர விடுதிக்குக் குடும்பமாகப் போகிறோம். என்ன சமைப்பது என்ற பேச்சுக்கு நடுவே வாட்ஸ்அப்பில் அண்ணனின் குரல் வந்தது: "மீனு வாங்க வேண்டாம். நாமளே புடிச்சுக்கலாம்." அப்படியே மறைந்துபோன அப்பாவின் குரல்தான். பக்கத்திலிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தன் மில் நண்பர்களின் குடும்பங்களோடு எங்களையும் சிங்காநல்லூரிலிருந்து பவானி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். "நீ கொழம்பக் கூட்டு அம்மணி, நான் மீனோட வாரேன்" என்று தூண்டிலோடு போனவர், உச்சி வெயிலில் வெறுங்கையோடு திரும்பினார். கல் அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்தது. வறுத்து அரைத்த மல்லி வாசம் கரையெங்கும் பரவ, பசியோடு எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள்.

அம்மா கூடையின் அடியிலிருந்து கத்திரிக்காய்களை எடுத்து நறுக்கிப் போட்டாள்.

"ஏன் அம்மணி, எம்மேல நம்பிக்கையே இல்லியா?"

"உங்க மேல இருக்குதுங்க. மீனு மேலதான் இல்லீங்க."

அப்பாதான் முதலில் சிரித்தார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு முள்ளுகூட இல்ல பாருங்க" என்று நண்பர்களிடம் பெருமையடித்தார்.

அண்ணனின் குரலை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள் அம்மா. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கத்திரிக்காய் நாம எடுத்துக்கலாம் கண்ணு."