காற்று வருகிற பக்கம்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் தூங்குமூஞ்சி என்று பெயர். பொய்யில்லை. மதியமானால் ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில், மின்விசிறிகள் ஒரே சுருதியில் முனக, கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ மிதந்துகொண்டிருப்பார். உலுக்கினால், "தூங்கலடி, கேட்டுட்டிருக்கேன்" என்பார். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வீட்டில் பார்ப்பது போதாதென்று இங்கேயும் அதே முகம்!

அந்த வாரம் மாடியில் என் தங்கை குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். மறந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். குழந்தையின் கருவியிலிருந்து அந்த மணிக்குச் செய்தி போக எங்கள் சர்வர் அறையிலிருக்கும் நெட்வொர்க் சுவிட்ச்தான் வழி. அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மஞ்சள் என்றால் ஓடுகிறது, ஆனால் ஒற்றைக்காலில் ஓடுகிறது. மின்சாரம் தர அதன் முதுகில் சின்ன விசிறியோடு இரண்டு பவர் சப்ளை; அதில் ஒன்று செத்துவிட்டது. செத்ததை உருவிவிட்டுப் புதிதைச் செருக வேண்டும். மாற்றி உருவினால் சுவிட்சே அணைந்துவிடும். மாடியில் மணி அடிக்காது.

சுவிட்சுக்கு முன்னால் நின்று திரையைப் பார்த்துக் கத்தினேன்: "இடது பக்கம்! சீக்கிரம் உருவுங்க!"

சுவிட்சுக்குப் பின்னால், எனக்கு எதிர்முகமாக நின்ற என் வீட்டுக்காரர் உருவவில்லை. தன் இடது பக்கத்து சப்ளையின் முன்னால் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்னங்க, ஜோசியமா பாக்குறீங்க?"

"இதுல காத்து வருதுடி. சூடா, நல்லா வருது."

"திரையில இடதுன்னுதான் இருக்கு!"

"உனக்கு இடதுன்னா எனக்கு வலது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான், அன்றைக்கென்று எனக்கு மறந்துபோனது. அவருடைய வலது பக்கத்தில் காற்றும் இல்லை, விளக்கும் இல்லை. அதை உருவினார்.

புதியதைச் செருகித் திருகி முடிக்கவில்லை, என் போன் அடித்தது. தங்கை.

"அக்கா... பாப்பாவுக்கு இப்ப மூச்சு நின்னுடுச்சுக்கா. மேசையில மணி அடிச்சு, நர்ஸ் ஓடி வந்து தட்டினாங்க. இப்ப விடுறா. நல்லா விடுறாக்கா."

நான் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் மீதித் திருகாணியைத் திருகினார்.

சாயங்காலம் கைகழுவிவிட்டு, பெட்டியின் வட்டத் துளை வழியே கையை உள்ளே விட்டார் தூங்குமூஞ்சிப் பெரியப்பா. குழந்தையின் மூக்கருகே உள்ளங்கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"சார் நின்னுட்டே தூங்குறாரா?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா" என்றேன். "காத்து வருதான்னு பாக்குறார்."